ஆர்பிஜி ஆட்டம்: 'கிரைண்டிங்' எங்கே பலன் தரும்?

கொச்சி நகரின் இடக்கொச்சியிலிருந்து பஸ் ஏறி, தோப்பும்படி நெரிசலில் கைபேசியில் ஜப்பானிய ஆர்பிஜி ஆடுபவரா? லெவல் ஏற்ற ஒரே அரக்கனைத் திரும்பத் திரும்ப அடிப்பதற்கு, அதாவது 'கிரைண்டிங்'குக்கு, எல்லா ஆட்டத்திலும் ஒரே பலன் இல்லை.

1986இல் வந்த முதல் 'டிராகன் குவெஸ்ட்'டில் ஒற்றை வீரன்தான். லெவல் ஏறாமல் வழியே இல்லை. அதில் 'மெட்டல் ஸ்லைம்' தென்பட்டால் விடாதீர்கள், அனுபவப் புள்ளிகள் அள்ளித் தரும்.

'ஃபைனல் ஃபேண்டஸி 8' (1999) நேர்மாறு. நீங்கள் லெவல் ஏற ஏற எதிரிகளும் வலுப்பெறுவார்கள். அங்கே லெவல் ஏறாமலிருக்க எதிரியைச் சீட்டாக மாற்றுங்கள். மந்திரங்களைச் சேர்த்து 'ஜங்ஷன்' செய்யுங்கள், அதாவது வீரரின் திறன்களோடு இணையுங்கள். இதுதான் உண்மையான பலம்.

பாஸிடம் தோற்றால் முதலில் ஆயுதத்தையும் அணியையும் மாற்றுங்கள். தீயா, பனியா, மின்னலா, எதற்கு அஞ்சுகிறான் என்று பாருங்கள். பழைய 'ஃபைனல் ஃபேண்டஸி' ஆட்டங்களின் 'பிக்சல் ரீமாஸ்டர்' பதிப்புகளில் அனுபவப் புள்ளியை நான்கு மடங்காக்கும் வசதி உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் தயங்காமல் பயன்படுத்தலாம்.