ஒரே பிளக்கில் அயனும் குக்கருமா?

1977 கலவரத்துக்குப் பின் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன நம்ம சொந்தங்களில் பலருக்கு, 2009இல் யுத்தம் முடிந்த பிறகே கரண்ட் வந்தது. அங்கேயும் சரி, நம் லயத்திலும் சரி, சாமான் பல, பிளக் ஒன்று.

230 வோல்ட்டில் 5 அம்பியர் பிளக் தாங்குவது 1,150 வாட். அயன் 1,000, ரைஸ் குக்கர் 700. ஆகவே ஒன்று முடிந்த பிறகே மற்றது. 2,000 வாட் கேத்தல் தனியாகவே சுமார் 9 அம்பியர் இழுக்கும். வயர்மேனைக் கொண்டு அதற்குத் தனி வயர் இழுக்கும்வரை அடுப்புத் தண்ணியே நல்லது! மல்டி பிளக் போட்டால் ஓட்டைதான் கூடும், வயரின் பலம் கூடாது.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்பீர்கள். அது கரண்ட் ஒழுகினால் விழும், பாரம் கூடினால் விழாது. பாரத்தைப் பார்ப்பது பக்கத்திலுள்ள சின்ன பிரேக்கர். அது அடிக்கடி விழுகிறதென்று பெரிதாக மாற்றாதீர்கள். சுவருக்குள் இருப்பது அதே வயர்தான்.