மழை வருமுன், நோட்டீஸ் வருமுன்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அடுத்த சில வாரங்களில்தான் கொட்டித் தீர்க்கிறது. அதனால் சொந்த வீட்டுக்காரர்களுக்குப் புரட்டாசி வேலை மாதம். சில வேலைகளைச் செய்யாமல் விட்டால் அபராதம் வரும். ஒரு வேலையைத் தவறான வழியில் செய்தால் சிறைக்கே போக நேரும்.

முதலில் மழைநீர் சேகரிப்பு. 2003-இல் வந்த சட்டத் திருத்தம், புதிய கட்டடம், பழைய கட்டடம் என்ற பேதமில்லாமல் தமிழ்நாடு முழுவதும் இதைக் கட்டாயமாக்கியது. வீட்டுக்காரர் அமைக்காவிட்டால் உள்ளாட்சி நிர்வாகமே அமைத்துவிட்டு, செலவைச் சொத்து வரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். அமைத்து முடிக்கும்வரை குடிநீர் இணைப்பையும் துண்டித்து வைக்கலாம். கெடுவுக்குப் பயந்து அன்று அவசரமாகத் தோண்டிய குழிகளைப் பல வீடுகளில் அதன்பின் யாரும் திறந்தே பார்க்கவில்லை. வருத்தமான விஷயம் இது.

இந்த வாரமே மூடியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். ஜல்லியும் கூழாங்கல்லும் அடியில் இருக்கும், மேலே மணல். அந்த மணலின் மீது வண்டல் படிந்து, வற்றிய ஏரித் தரை போல வெடித்துக் கிடந்தால் குழி அடைத்துவிட்டது என்று பொருள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் தெரிந்துவிடும். தண்ணீர் இறங்காமல் தேங்கி நின்றால் மேல் மணலை வாரி எடுத்துக் கழுவிப் போட வேண்டும், இல்லையேல் புது மணல் மாற்ற வேண்டும். மொட்டை மாடியைப் பெருக்கி, தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் வலை வைப்பதும் இதோடு சேர்ந்த வேலைதான். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். அது ஒரு லாரித் தண்ணீர். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது அந்த ஒரு லாரிக்காகக் காத்துக் கிடந்த குடும்பங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாடித் தண்ணீரைப் பாதாளச் சாக்கடையில் இணைத்திருந்தால் உடனே பிரித்துவிட வேண்டும். பெருமழையில் தெரு மேன்ஹோல் பொங்குவதற்கும், தரைத்தள வீட்டுக் கழிப்பறைக்குள் சாக்கடை ஏறுவதற்கும் இத்தகைய இணைப்புகள் ஒரு முக்கியக் காரணம். இதற்கு நேர்மாறாக, கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விடுவதும் குற்றம். மாநகராட்சி ஊழியர்கள் கண்டுபிடித்தால் இணைப்பை அடைத்துவிட்டு அபராதமும் போடுவார்கள். பழைய வீட்டை வாங்கியவர்கள் பிளம்பரை அழைத்து, எந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று ஒருமுறை காட்டச் சொல்வது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது செப்டிக் டேங்க். 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக மாநகராட்சி விரிந்தபோது, பாதாளச் சாக்கடை இல்லாத பகுதிகள் பலவும் அதற்குள் வந்தன. அங்கெல்லாம் மழைக்கு முன் தொட்டியைக் காலி செய்வது வழக்கம். லாரி வந்து உறிஞ்சி எடுத்தபின், அடியில் இறுகிய கசடை எடுக்க "ஆள் இறங்கிச் சுத்தம் பண்ணிடலாம் சார்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே மறுத்துவிட வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நேரடியாக அமர்த்தினாலும் ஒப்பந்தக்காரர் வழியாக அமர்த்தினாலும் குற்றம் ஒன்றுதான். முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் இது. அடுக்குமாடிச் சங்க நிர்வாகிகள் இதை மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மூடிக் கிடந்த தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில மூச்சுகளிலேயே ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்றக் குதிக்கும் அடுத்தவரும் திரும்புவதில்லை. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இப்படி ஒரு தொகையை நிர்ணயிக்க வேண்டிய நிலை இன்னும் நீடிப்பதே நமக்கெல்லாம் தலைகுனிவு. உரிமம் பெற்ற லாரிக்கு 14420 என்ற எண்ணை அழைக்கலாம்.

கொசுவுக்காகவும் நோட்டீஸ் வரும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். ஃபிரிட்ஜின் பின்தட்டு, சம்ப் மூடியின் உடைந்த மூலை, மாடியில் கிடக்கும் பெயின்ட் டப்பா ஆகியவற்றை வாரம் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஆய்வுக்கு வரும் பணியாளரை வாசலிலேயே திருப்பி அனுப்பாமல் மாடிவரை அழைத்துப் போகலாம்.

அக்டோபர் முதல் தேதி சொத்து வரியின் இரண்டாம் அரையாண்டு பிறக்கிறது. முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை சலுகை உண்டு. காலம் தாழ்த்தினால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி. மாடியில் புதிதாக அறை எடுத்தவர்கள் அந்தப் பரப்பு வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று ரசீதைப் பார்த்து, இல்லையென்றால் ஆய்வுக்கு ஆள் வருமுன் தாங்களே மண்டல அலுவலகத்தில் தெரிவித்துவிடலாம்.