பழைய ஜீப்பில் ஃபோர் வீல்: மழைக்காலக் குறிப்புகள்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் பனி விழாது. ஐப்பசி பிறந்தால் மழைதான். குழாய்க்கும் சாக்கடைக்கும் தோண்டி மூடிய தெருக்கள் களிமண் குழம்பாகிவிடும். ராணுவ ஏலத்தில் எடுத்த ஜோங்கா, மஹிந்திரா 540, பழைய ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கு ஃபோர் வீல் லீவரின் அருமை அப்போதுதான் தெரியும். எங்கள் வீட்டு 540-ஐப் பல மழைக்காலம் ஓட்டிக் கற்றுக்கொண்டவை இவை.

1. தார்ச் சாலையில் ஃபோர் வீல் போடாதீர்கள். இந்த வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. லீவரைப் போட்டதும் இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும். ஆனால் திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றில் சக்கரம் சற்றே வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் அதற்கு வழியில்லை. முறுக்கு முழுவதும் யு-ஜாயின்ட்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பற்களிலும் ஏறும். ஸ்டியரிங் கல்லாய்க் கனக்கும். மழையில் நனைந்திருந்தாலும் சி.டி.எச். ரோடு தார்தான். டூ வீலிலேயே போங்கள்.

2. சேற்றில் இறங்குவதற்கு முன்பே லீவரைப் போடுங்கள். பின் சக்கரம் சுற்றிக் குழி பறித்த பிறகு போட்டால் வண்டி அடி தட்டி உட்கார்ந்திருக்கும். முன் ஹப்பில் லாக் இருக்கிற வண்டியானால், இறங்கி இரண்டு பக்கமும் திருகிவிட்டுத்தான் லீவர்.

3. இரட்டை லீவர் உள்ள பழைய வில்லிஸ் ஜீப்களில் முதலில் முன் அச்சு, அதன் பிறகே லோ. வரிசையை மாற்றினால் லீவர் விழாது. அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். லோ போடும்போது வண்டி நின்றிருக்கட்டும், அல்லது நின்றது போல் ஊரட்டும்.

4. சேற்றைக் கடந்து தாருக்கு வந்தபின் லீவர் வெளியே வரவில்லையா? ஷாஃப்ட்டில் முறுக்கு ஏறியிருக்கிறது. ஸ்டியரிங்கை நேராக வைத்து நான்கைந்து அடி ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு தளர்ந்து தானாக வந்துவிடும். உதைத்துத் தள்ளினால் உள்ளே ஃபோர்க் வளையும்.

5. இழுக்கத்தான் ஃபோர் வீல். நிறுத்துவதற்கு அது உதவாது. எல்லா வண்டிக்கும் ப்ரேக் நான்கு சக்கரத்தில்தான் இருக்கிறது. பாலத்துச் சரிவில் சகதி இருந்தால் லோவில் இரண்டாம் கியர் போட்டு, ப்ரேக்கைத் தொடாமல் இன்ஜின் பிடியிலேயே இறங்குங்கள். பழைய ஜீப் வைத்திருக்கும் இளைஞர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

6. தண்ணீர் ஹப்பின் நடுவுக்கு மேல் வந்தால் திரும்பிவிடுங்கள். 16 அங்குல ரிம் போட்ட ஜீப்புக்கு அது ஓர் அடிக்குச் சற்று அதிகம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தெருக்களில் தண்ணீர் நின்றது. அப்படித் தேங்கிய தண்ணீருக்கு அடியில் மூடி பெயர்ந்த மேன்ஹோல் இருக்கலாம். ஒருவர் கோலோடு முன்னே நடந்து ஆழம் பார்த்த பிறகே வண்டி. பெட்ரோல் வண்டியில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மேல் தண்ணீர் தெறிக்காது. கடந்ததும் மறக்காமல் மாட்டுங்கள்.

7. தண்ணீரைவிட்டு ஏறியதும் மெதுவாக ஓட்டிக்கொண்டே ப்ரேக்கை லேசாக அழுத்தி அழுத்தி விடுங்கள். டிரம் காய்ந்தால்தான் பிடிக்கும்.

8. மறுநாள் கிரவுன், டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸ் மூன்றிலும் ஆயில் பாருங்கள். மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அன்றே மாற்றிவிட வேண்டும். யு-ஜாயின்ட், ஷேக்கிள் நிப்பிள்களில், அழுக்குத் தண்ணீர் வெளியேறிப் புது க்ரீஸ் எட்டிப் பார்க்கும்வரை கன்னை அடியுங்கள்.

9. நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். பின்னால் புதிது, முன்னால் வழுக்கை என்றால் நேர்ச்சாலையிலேயே முறுக்கு ஏறும்.

10. வெயில் காலத்திலும் மாதம் ஒருமுறை மண் மைதானத்தில் ஃபோர் வீல் போட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டுங்கள். தொடாமல் விட்ட லீவர் இறுகிப்போகும்.

11. வண்டிக்கு 50 வயதாகிவிட்டதா? 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. மழைக்கு ஜீப் வேண்டும் என்பவர்கள் யோசித்து மாற்றுங்கள்.

12. இதே ஜீப்பை மணாலிக்கோ லடாக்கிற்கோ கொண்டுபோகும் ஆசை பலருக்கு. சாலை முழுதும் பனி மூடியிருந்தால் ஃபோர் வீலிலேயே ஓடலாம். பனி விலகித் தார் தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். கண்ணாடிபோல் உறைந்த பனிக்கட்டியில் ஃபோர் வீலும் பிடிக்காது. சக்கரத்துக்குச் சங்கிலி கட்ட வேண்டும். முக்கியமாக, நம் ஊரில் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றியே பழகியிருக்கிறோம். அங்கே இரவில் அது உறைந்து பெருகி இன்ஜின் பிளாக்கையே பிளந்துவிடும். கிளம்பும் முன் முழுவதும் வடித்து, உறையாத கூலன்ட் ஊற்றுங்கள். டீசல் வண்டியானால், இங்கே நிரப்பிய டீசலில் மெழுகு கட்டி ஃபில்டர் அடைக்கும். 2019 முதல் லடாக்கில் இந்தியன் ஆயில் விற்கும் குளிர்கால டீசல், மைனஸ் 33 டிகிரி வரை ஓட்டம் நிற்காதது. அங்கே போனதும் அதையே நிரப்பிக்கொள்ளுங்கள்.