பஞ்சுக்குச்சி சொன்ன பொய்

நம்பிக்கை: டி.என்.ஏ. சிக்கினால் கொலையாளி சிக்கிய மாதிரிதான்.

உண்மை: சிக்குவது யாரோ ஒருவரின் உயிரணு. அது அங்கே எப்படி வந்தது என்பதை ஆய்வகம் சொல்லாது. தடயவியல் மாணவர்களுக்கு இதை விளக்க ஜெர்மனியின் ஹைல்பிரான் வழக்கு ஒன்றே போதும். 2007 ஏப்ரலில் அந்த ஊரில் ரோந்து காரில் இருந்த பெண் போலீஸ் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். காரில் எடுத்த மாதிரியில் அடையாளம் தெரியாத ஒரு பெண்ணின் டி.என்.ஏ. இருந்தது. கணினியில் தேடினால், 1993இல் நடந்த ஒரு கொலை தொடங்கிச் சில்லறைத் திருட்டு வரை, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என ஏறக்குறைய 40 இடங்களில் அதே பெண்! அவளைப் பிடித்துக் கொடுப்பவருக்கு 3,00,000 யூரோ பரிசு என்று அறிவித்தார்கள்.

2009இல், ஓர் ஆணின் கைரேகைத் தாளை ஆராய்ந்தபோதும் அவளே வந்தாள். அப்போதுதான் சந்தேகம் தட்டியது. மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளைத் தொழிற்சாலையில் கையாண்ட ஒரு பெண்ணின் டி.என்.ஏ. அது. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவைதான்; ஆனால் கிருமி செத்தாலும் டி.என்.ஏ. போய்விடுவதில்லை. பயன்படுத்தாத குச்சிகளையும் சேர்த்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். கொல்லப்பட்ட பெண் போலீஸின் துப்பாக்கியோ, 2011இல் அவளோடு தொடர்பே இல்லாத ஒரு கும்பலின் வண்டியில் கிடைத்தது.

நம்பிக்கை: குற்றத்தை ஒப்புக்கொண்டால் வழக்கு முடிந்தது.

உண்மை: இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் 1986இல் 17 வயதுப் பையன் ஒருவன் கொலை செய்ததாக ஒப்புக்கொண்டான். விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரீஸின் டி.என்.ஏ. சோதனை, அவன் குற்றவாளியே இல்லை என்று காட்டியது. பிறகு 5,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் மாதிரி எடுத்தும் யாருடையதும் பொருந்தவில்லை. காலின் பிட்ச்ஃபோர்க் என்பவருக்குப் பதிலாகத் தான் ரத்தம் கொடுத்ததை உடன் வேலை பார்த்தவர் மதுக்கடையில் உளறினார். அது போலீஸ் காதுக்கு எட்ட, உண்மைக் கொலையாளியான பிட்ச்ஃபோர்க் சிக்கினார். விஞ்ஞானம் பாதி, ஊர்வாய் மீதி!

இந்தியாவிலோ போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் பொதுவாக நீதிமன்றத்தில் செல்லாது. அதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்பு தொடர்பான பகுதி மட்டும் சாட்சியமாகும். சினிமா இன்ஸ்பெக்டர்களுக்கு இது தெரிவதே இல்லை.

நம்பிக்கை: இறந்த நேரத்தை டாக்டர் நிமிடக் கணக்கில் சொல்லிவிடுவார்.

உண்மை: அவர் சொல்வது சில மணி நேர இடைவெளியைத்தான். உடல் குளிரும் வேகம் ஒரு முக்கியக் கணக்கு. சென்னையின் மே மாத வெயிலில், காற்றே உடம்புச் சூட்டுக்கு இருக்கும்போது, அந்தக் கணக்கும் கைகொடுப்பதில்லை.