போட்டியும் மனமகிழ்ச்சியும்
(வணிகவியல் பட்டப் படிப்பை நாடும் மாணவியருக்கு)



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் ராயபுரத்து வீடுகளில் எழும் கேள்விகள் இரண்டு. "உனக்கு எத்தனை மார்க்? அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை?" வணிகவியல் பிரிவு மாணவியாயின் மூன்றாவது கேள்வியும் உண்டு: "நல்ல கல்லூரியில் பி.காம். சீட்டுக் கிடைக்குமா?"

துறைமுகம், கப்பல் சரக்குகளுக்குச் சுங்க வேலை முடித்துத் தரும் கிளியரிங் அலுவலகங்கள், காசிமேட்டு மீன் ஏலம், மண்ணடி மொத்தக் கடைகள் ஆகியவற்றின் நடுவே வாழும் நமக்கு வணிகம் புதிதன்று. ஆகவே நம் பெண்கள் பி.காம். படிப்பை நாடுவது இயல்பே. ஆனால் பெயர் பெற்ற கல்லூரிகளில் இடங்கள் குறைவு, நாடுவோரோ பலர். 2011இல் டெல்லி ஸ்ரீராம் வணிகக் கல்லூரி, பள்ளியில் வணிகவியல் படிக்காதவர்கள் பி.காம். ஆனர்ஸில் சேர 100 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்று தன் முதல் பட்டியலில் அறிவித்தது. 2022 முதல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொது நுழைவுத் தேர்வின் வழியே சேர்க்கை நடைபெறுகிறது. வழி மாறியதே தவிர நெருக்கடி குறையவில்லை.

சீட்டுக் கிடைத்த பிறகும் கண்ணீர்

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, தான் விரும்பிய கல்லூரியிலேயே பி.காம். சேர்ந்தாள். அவள் தாய் காசிமேட்டில் மீன் விற்பவர். அந்த ஆண்டு தீபாவளி விடுமுறையில் இருவரும் என்னைக் காண வந்தார்கள். மாணவியின் முகம் வாடியிருந்தது. "இங்கே நான்தான் முதல், டீச்சர். அங்கே முதல் தேர்வில் பத்தொன்பதாவது. பக்கத்தில் இருப்பவள் நோட்டுக் கேட்டால் கொடுக்க மனம் வரவில்லை. ராத்திரி தூக்கமும் வருவதில்லை" என்றாள். தாய் இடைமறித்து, "சீட்டு கெடைக்கலன்னா அழுவலாம் டீச்சர். கெடைச்சும் அழுவுதே இந்தப் பொண்ணு!" என்றார்.

அந்தத் தாயின் சொல் என்னைச் சிந்திக்க வைத்தது.

போட்டி இருவகைப்படும்

முதலாவது இடப்போட்டி. அறுபது இடங்களுக்கு ஆயிரம் பேர் விண்ணப்பித்தால், ஒருத்தி உள்ளே செல்ல இன்னொருத்தி வெளியே நிற்கத்தான் வேண்டும். இது சேர்க்கை நாளோடு முடிந்துவிடுகிறது.

இரண்டாவது தகுதிப்போட்டி. சி.ஏ. எனப்படும் பட்டயக் கணக்காளர் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும், மொத்தத்தில் 50 விழுக்காடும் பெற வேண்டும். பெற்றவர் அனைவரும் தேறியவரே. இத்தனை பேர்தான் என்ற வரம்பு இல்லை. பட்டப் படிப்பில் முதல் வகுப்பும் அப்படியே. தோழி பெறும் 60 விழுக்காடு என் மதிப்பெண்ணில் ஒன்றையும் குறைப்பதில்லை.

என் மாணவி செய்த பிழை இதுதான். முடிந்துபோன இடப்போட்டியை வகுப்பறைக்குள்ளும் சுமந்து சென்றாள். வேலைக்கான நேர்முகத் தேர்வில் மீண்டும் இடப்போட்டி வரும் என்பது உண்மையே. ஆனால் அது சில நாட்கள். அந்தச் சில நாட்களுக்காக மூன்றாண்டுத் தோழமையைத் தொலைப்பது நல்ல வணிகமாகுமா?

நம் நகரத்து முன்னோடி

இந்தியாவின் முதல் பெண் கணக்காய்வாளரான ஆர். சிவபோகம் நம் சென்னையைச் சேர்ந்தவர். இராணி மேரிக் கல்லூரியில் பயின்றவர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். பின்னர் 1933இல் கணக்கியலுக்கான அரசுப் பட்டயத் தேர்வில் தேறினார். சிறை சென்றவர் கணக்காய்வாளராகப் பதிவு செய்துகொள்ள இயலாதபடி சட்டம் தடுத்தது. அவர் நீதிமன்றம் சென்று அத்தடையை வென்றார். 1955 முதல் 1958 வரை பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைமை வகித்தார். இறுதித் தேர்வில் சிறந்து தேறும் பெண்ணுக்கென ஒரு பரிசையும் ஏற்படுத்தினார்.

அவர் போட்டிக்கு அஞ்சியவரல்லர். அவர் போராடியது மூடிய கதவோடு. பக்கத்து இருக்கைக்காரியோடு அன்று. கதவு திறந்ததும் பின்னால் வருவோருக்குப் பரிசும் வைத்தார்.

தேய்மானம் கழித்தீர்களா?

இரட்டைப் பதிவு முறையை 1494இல் வெனிஸ் நகரில் அச்சிட்ட நூலில் விளக்கியவர் லூக்கா பச்சோலி என்னும் பிரான்சிஸ்கன் துறவி. ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு உண்டு என்பது அம்முறையின் அடிப்படை. இயந்திரம் ஓடினால் தேயும். அத்தேய்மானத்தைக் கழிக்காமல் காட்டும் இலாபம் பொய் இலாபம் என்றும் வகுப்பில் படிக்கிறோம். உறக்கத்தையும் உடல்நலத்தையும் நட்பையும் தேய்த்துப் பெற்ற மதிப்பெண்ணும் அத்தகையதே.

ஆகவே ஒரு சிறு பயிற்சி. சனிக்கிழமைதோறும் ஒரு நோட்டில் கோடு கிழித்து, வலப்புறம் அவ்வாரம் கற்றதை எழுதுங்கள். இடப்புறம் அதற்காக இழந்ததை எழுதுங்கள். இழந்த பக்கத்தில் வாரந்தோறும் ஒரே பெயர் வருமானால், அதுவே நீங்கள் கவனிக்க வேண்டிய கணக்கு.

பெற்றோருக்கு ஒரு சொல்

2017இல் தமிழக அரசு, பிளஸ் டூ தேர்வில் மாநில அளவில் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடுவதை நிறுத்தியது. அரசு விட்டுவிட்ட பட்டியலை நாம் வீட்டில் தயாரிக்கலாமா? விரும்பிய கல்லூரி கிடைக்காத மகளிடம் ஓர் உண்மையைச் சொல்லுங்கள். பிராட்வேயிலுள்ள பாரதி மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் கற்பதும் அதே பற்று வரவுதான். பிளஸ் டூ முடித்ததுமே சி.ஏ. அடிப்படைத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். எந்தக் கல்லூரி என்று அத்தேர்வு கேட்பதில்லை.

என் மாணவி விடுமுறை முடிந்து திரும்பியதும் தன் நோட்டைத் தோழிக்குக் கொடுத்தாள். தோழி அவளுக்குப் புள்ளியியல் சொல்லித் தந்தாள். அவள் முதலாவதாக வரவில்லை. முதல் வகுப்பில் தேறினாள். இன்று ஓர் ஆடிட்டரிடம் பயிற்சி பெறுகிறாள். ஞாயிறுதோறும் தாயோடு காசிமேட்டில் அமர்ந்து கணக்கும் பார்க்கிறாள். இப்போது நன்றாக உறங்குகிறாளாம், தாயே சொன்னார்.

சிந்திக்க

1. நீ இப்போது இருப்பது இடப்போட்டியிலா, தகுதிப்போட்டியிலா?
2. இவ்வாரம் யாருக்கு நோட்டுக் கொடுத்தாய்? யாரிடம் கேட்டுக் கற்றாய்?
3. உன் கணக்கில் தேய்மானம் கழிக்கப்பட்டதா?