சென்னையும் மணலும்

சென்னை என்றதும் மெரினா, சென்ட்ரல், எல்.ஐ.சி. கட்டடம் என்று அடுக்குவோம். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இடம் பெற்றது, கோட்டை கட்டியது, 1996-ல் மெட்ராஸ் சென்னையானது, எல்லாம் பள்ளியில் படித்ததுதான். சிவில் மாணவன் என்ற முறையில் நான் மணலைப் பற்றி எழுதுகிறேன்.

பம்பாய்க்கு இயற்கைத் துறைமுகம் உண்டு. நம் தலைநகருக்குக் கிடையாது, திறந்த கடல். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் கரைக்கு வரணும். ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. (என்ன டிசைன் பாருங்கள்!) 1875-ல் துறைமுகச் சுவர் வேலை தொடங்கியது. 1881 புயலில் அது சிதைந்து, மறுபடி கட்டினார்கள்.

இங்கேதான் விஷயம். நம் கரையில் அலை சாய்வாக அடிப்பதால் மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே போகும், தென்மேற்குப் பருவத்தில் வடக்கே போகும். வருஷக் கணக்குப் போட்டால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே சுவர் வந்ததும் மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். கூவம் முகத்துவாரம் அடைத்துக்கொள்வதிலும் இந்த மணலுக்குப் பங்குண்டு.

மெரினாவுக்கு வந்தது எங்களுக்கு வரவேண்டிய மணல். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் கடல் உள்ளே வந்துவிட்டது. "அதோ அலை உடையுதே, அங்கதான்டா நம்ம வூடு இருந்துச்சு" என்று எங்க ஆயா கை காட்டும். அந்தக் குப்பத்திலிருந்து பாலிடெக்னிக் வந்த நான்தான் எங்கள் வீட்டில் முதல் படிப்பாளி.

கரையில் கருங்கல் கொட்டினார்கள். ரோடு பிழைத்தது. ஆனால் கல்மேல் கட்டுமரத்தை எப்படி இழுத்துப் போடுவது? வலை காய வைக்கவும் இடமில்லை. அப்பா படகைக் காசிமேட்டில் விட்டுட்டு பஸ் பிடிச்சு வருகிறார். கடலுக்குள் நீட்டிய கல் சுவர்களும் உண்டு, கிராயின் என்பார்கள். அதன் தெற்கே மணல் சேரும், அரிப்பு வடக்கே அடுத்த குப்பத்துக்குத் தள்ளிப்போகும்.

விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தருகே சேரும் மணலை டிரெட்ஜரால் அள்ளி வடக்குக் கடற்கரையில் கொட்டுகிறார்கள். நமக்கும் அது சரிப்படுமா என்று பார்க்க, மாதாமாதம் கரையை அளக்க வேண்டும். ஃபைனல் இயர் பிராஜக்ட்டுக்கு அதையே எடுக்கப் போகிறேன். ஸ்டாஃப் பிடிக்க இரண்டு பேர் தேவை. சாப்பாடு எங்கள் வீட்டில், மீன் குழம்பு நிச்சயம்.