நுங்கு வண்டிக்கு எத்தனை நாள் ஆயுசு?

அன்புள்ள தம்பிக்கு,

'நுங்கு வண்டி' ஸ்டோரிபோர்டு வந்து சேர்ந்தது. ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன். கோபம் தணியத்தான் நேரம் பிடித்தது. சட்டகம் வைப்பது, காட்சியை எங்கே வெட்டுவது என்பதெல்லாம் உனக்குக் கைவந்துவிட்டது. அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

உன் கதையில் தங்கச்சிமடத்துப் பையன் நுங்கு வண்டி செய்கிறான், ஓட்டுகிறான், வளர்கிறான். கல்லூரிக்குக் கிளம்பும் அன்று பரணிலிருந்து அந்த வண்டியை இறக்கிப் பக்கத்து வீட்டுச் சிறுமி கையில் கொடுக்கிறான். வண்டி திண்ணையில் நின்று அவன் போகும் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருக்கிறது. தம்பி, நீ நுங்கு வண்டி ஓட்டியிருக்கிறாயா? ஓட்டியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டாய்.

சித்திரை, வைகாசியில் நுங்கு வெட்டுவார்கள். விரலை விட்டு நோண்டித் தின்ற காய் இரண்டை எடுத்து, நடுவில் ஒரு குச்சியைச் செருகினால் சக்கரமும் அச்சும் தயார். நீளமான கவட்டைக் கம்பை அந்த அச்சில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓட வேண்டியதுதான். முதல் நாள் ஓட்டம் அபாரமாக இருக்கும். மறுநாள் வெட்டிய முகம் கறுத்துவிடும், ஈ மொய்க்கும். அதற்கடுத்த நாள் காய் சுருங்கி, அச்சுக்குழி பெரிதாகி, சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். அதற்குள் ஆடு வந்து கடித்துவிட்டுப் போனாலும் போகும். உச்சிப்புளிப் பக்கம் வளர்ந்த எனக்கு அந்த வண்டி ஒரு வாரம் தாங்கியதாக நினைவில்லை. நீ அதைப் பரணில் பத்து வருஷம் வைத்திருக்கிறாய்!

இந்த முடிவு உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். 2010இல் வந்த 'டாய் ஸ்டோரி 3'. ஆண்டிக்குப் பதினேழு வயது. கல்லூரிக்குப் போகும் வழியில் தன் பொம்மைகளை போனி என்ற சிறுமியிடம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுக்கிறான். அந்தக் காட்சியில் கலங்காதவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் அது அங்கே ஏன் நிற்கிறது என்று யோசித்தாயா? பிளாஸ்டிக் சாகாது. பையனின் குழந்தைப்பருவம் முடிந்த பிறகும் பொம்மை அப்படியே இருக்கும். 'இவன் வளர்ந்த பிறகு நான் என்ன ஆவேன்' என்ற பயம், குழந்தைப்பருவத்தைத் தாண்டி உயிரோடு இருக்கும் பொருளுக்குத்தான் வர முடியும். 'டாய் ஸ்டோரி' வரிசையின் முதல் நான்கு படங்களும் அந்தப் பயத்தின் மேல்தான் நிற்கின்றன.

குடும்பம் குடும்பமாக அந்தப் படங்களை இன்றைக்கும் உட்கார்ந்து பார்ப்பதற்கும் அதுதான் காரணம். அது பொம்மையின் பயம் மட்டுமல்ல, பெற்றவர்களின் பயம். மூன்றாம் படத்தில் ஆண்டியின் அம்மா ஏதோ பேசிக்கொண்டே அவன் அறைக்குள் நுழைகிறாள். அறை காலியாக இருக்கிறது. பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது. சில நொடிதான். என் மகளை விடுதியில் சேர்த்த வருஷம் அந்தப் படத்தைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த சின்னப்பிள்ளைகள் பஸ் லைட்இயர் என்ற பொம்மை ஸ்பானிஷ் பேசியதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் என் மனைவிக்கும் அந்தக் காலி அறைதான் நின்றது. ஒரே வரிசையில் உட்கார்ந்து பிள்ளை ஒரு படமும் பெற்றவர் வேறொரு படமும் பார்க்கலாம், யாரும் ஏமாற மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு: 1995இல் ஆண்டிக்குக் குரல் கொடுத்த சிறுவன் ஜான் மாரிஸ்தான் 2010இலும் குரல் கொடுத்தார். பார்த்தவர்களோடு குரலும் வளர்ந்தது.

நுங்கு வண்டிக்கு இந்தக் கணக்கு தலைகீழ். இங்கே பொம்மை முந்திக்கொண்டு போய்விடும், பையன்தான் மிஞ்சுவான். பிளாஸ்டிக்கின் ஆயுசைக் கொண்டுவந்து பனங்காய்க்கு ஒட்டவைத்துவிட்டாய். நீ பார்த்திருக்க வேண்டியது மூன்றாம் படத்தை அல்ல, 2019இல் வந்த நான்காம் படத்தை. அந்தப் படம் மொத்தமாக எனக்கு ஒட்டவில்லை. ஆனால் அதில் ஃபோர்க்கி இருக்கிறான். தூக்கி எறியும் ஸ்போர்க்கில், அதாவது முள் வைத்த கரண்டியில், குழந்தை செய்த பொம்மை. தான் குப்பை என்று நம்பி, விட்டால் குப்பைத்தொட்டிக்கே ஓடுகிறான். தின்று போட்ட காயில் பிறந்த நம் நுங்கு வண்டிக்கு அவன் உடன்பிறப்பு அல்லவா?

இரண்டாவது எரிச்சல், ஓலை. பாட்டி முடைந்த கிலுகிலுப்பையை ஓடவிட்டிருக்கிறாய், சரி. அது குதிக்கும்போது ரப்பர் மாதிரி நீள்கிறது, இறங்கும்போது சப்பையாகிறது. ஸ்குவாஷ் அண்ட் ஸ்ட்ரெட்ச் பாடத்தை நன்றாகத்தான் படித்திருக்கிறாய். ஆனால் ஓலை நீளாது, தம்பி. ஓலை மடியும். மடித்த இடத்தில் தழும்பு விழும், அந்தத் தழும்பு கடைசிவரை போகாது. பச்சையாக இருக்கும்போது வளைந்து கொடுக்கும், காய்ந்தால் விளிம்பில் நார் பிரியும், இன்னும் அழுத்தினால் கீறும். இந்த நாலு குணத்தை வைத்துக்கொண்டே அதற்குச் சந்தோஷம், பயம், வயசு எல்லாவற்றையும் கொண்டுவரலாம். முகமே வரைய வேண்டாம்.

இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பிக்ஸார் 1986இல் எடுத்த 'லக்ஸோ ஜூனியர்' இரண்டு நிமிஷப் படம். மேஜை விளக்குக்குக் கண் இல்லை, வாய் இல்லை, உலோகம் நீளவும் இல்லை. கீல்கள் மட்டும் மடிந்து விரிகின்றன. அதிலேயே அது குழந்தையாகிவிடுகிறது. 'டாய் ஸ்டோரி'யில் பச்சை நிறச் சிப்பாய்களின் கால் அடியில் இருக்கும் தட்டோடு ஒட்டியிருக்கும். அது எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ள, அனிமேட்டர்கள் காலணிகளைப் பலகையில் ஆணி அடித்து, மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தார்கள். அந்த நாள் கம்ப்யூட்டருக்கு மனிதத் தோலும் முடியும் வசப்படவில்லை, வழவழப்பான பரப்பு நன்றாக வந்தது. அதனால் முதல் முழுநீளப் படத்துக்குப் பொம்மையைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னையில் நம்மிடம் இயந்திரம் இல்லாமல் இல்லை. பென்டாமீடியா 2000இலேயே 'பாண்டவாஸ்' எடுத்தது. 2014இல் 'கோச்சடையான்' வந்தது. இரண்டிலும் மனிதரையே அச்சாகக் கொண்டுவர முயன்றார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் பாதி உழைப்பை ஒரு மரப்பாச்சி மேலோ தஞ்சாவூர்த் தலையாட்டி மேலோ போட்டிருந்தால் இன்றைக்கு நம் வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஒரு தமிழ்ப் படம் இருந்திருக்கும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

கிலுகிலுப்பையை ஏன் இத்தனை பேசவிட்டாய்? ஒரு பக்கம் முழுக்க 'மனிதர்கள் மறந்துவிடுகிறார்கள்' என்று அழுகிறது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' படித்திருப்பாய், 2020இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற நாவல். அதில் மரப்பாச்சி பேசுகிறது. வெளியே சொல்ல முடியாத துன்பத்தில் ஒரு குழந்தை தவிக்கிறது, அதனால் பேசியே ஆக வேண்டும். உன் கிலுகிலுப்பைக்குப் பேச அப்படி என்ன அவசரம்? அதன் வேலை அழுகிற குழந்தையைத் திரும்பிப் பார்க்கவைப்பது. அந்த வேலையைச் செய்ய விடு.

தனுஷ்கோடிக் காட்சியை எடுத்துவிடு. 1964 டிசம்பர் புயலில் போனவர்களின் துக்கம் பெரிது. பொம்மைக் கதைக்குச் சோகம் சேர்க்க இடிந்த தேவாலயத்தைப் பின்னணியில் நிறுத்துவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அதற்குப் பதில் ஒன்று தருகிறேன். என் பள்ளிக்கூட நண்பன் ஒருவன் கீழக்கரைக்காரன். வாப்பா துபாயில். அவர் அனுப்பிய பேட்டரி பஸ் ஒன்று அவன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தது. சிவப்பு நிறம், கதவு திறந்து மூடும், மேலே விளக்கு எரியும். பேட்டரி கசிந்து கெட்டுவிடும் என்று அவன் உம்மா அதைக் கழற்றித் தனியாக வைத்திருந்தார். வாப்பா விடுமுறைக்கு வரும்போதுதான் பஸ் வெளியே வரும். விருந்தாளிகள் பார்க்க நடு வீட்டில் ஒரு சுற்று ஓடும். அவர் திரும்பிப் போனதும் மறுபடி அலமாரி. நானும் அவனும் தெருவில் செருப்பு வெட்டிச் செய்த சக்கர வண்டி ஓட்டிவிட்டு வந்து, கண்ணாடியில் மூக்கை வைத்து அந்த பஸ்ஸைப் பார்ப்போம். அதைத் தொட எங்களுக்கு எவ்வளவு ஆசையோ, அவ்வளவு ஆசை அந்த பஸ்ஸுக்கும் இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதே தோன்றும்.

இதுதான் 1999இல் வந்த 'டாய் ஸ்டோரி 2'. எனக்கு நான்கிலும் அதுதான் உயர்ந்தது. டோக்கியோ அருங்காட்சியகத்துக்குப் போனால் ஆண்டியின் பொம்மை வுடி என்றைக்கும் கெடாமல் இருக்கலாம், ஆனால் யாரும் தொட மாட்டார்கள். ஆண்டியிடம் திரும்பினால் தேய்ந்து கிழிந்து ஒருநாள் கைவிடப்படலாம். பெட்டியை விட்டு வெளியே வராத பொம்மை ஸ்டிங்கி பீட் அருங்காட்சியகத்தையே கேட்கிறான். வுடி ஆண்டியிடம் போகிறான். உன் கதையில் நுங்கு வண்டி இருக்கும் வீட்டிலேயே, கண்ணாடி அலமாரிக்குள் அப்படி ஒரு துபாய் பஸ்ஸையும் வை. மூன்று நாள் புழுதியில் ஓடிச் சாகப்போகிற வண்டி, சாகவே சாகாத ஆனால் ஒரு பிள்ளை கையும் படாத பஸ். அவை இரண்டும் ஒரு ராத்திரி என்ன செய்யும்? வேண்டுமானால் அக்னி தீர்த்தத்துக்குப் போகும் வழியில் யாத்ரீகர்கள் வாங்கிப்போகும் சங்குப் பொம்மை ஒன்றையும் சேர்த்துக்கொள். அதுவும் எங்கோ ஓர் ஊரில் ஷோகேஸில் நிற்கத்தான் பிறந்தது.

திரும்ப எழுத வேண்டுமா என்று மலைக்காதே. 1993 நவம்பரில் பிக்ஸார்காரர்கள் டிஸ்னிக்குப் போட்டுக் காட்டிய 'டாய் ஸ்டோரி' வரைவில் வுடி கொடுமைக்காரனாக இருந்தான். வேலையையே நிறுத்திவிட்டார்கள். உட்கார்ந்து கதையை மாற்றி எழுதினார்கள், நாம் இன்று பார்க்கும் வுடி அதன் பிறகு வந்தவன்தான்.

ஒரு பக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை மூட மனம் வரவில்லை. பாட்டி குருத்தோலையைக் கிழித்து முடைகிற பக்கம். நாலு ஓலையும் ஒன்றுக்குள் ஒன்று போய் வரும் முறையை அவள் விரல்களிலேயே காட்டிவிட்டாய். உள்ளே கல்லைப் போடுவதற்கு முன் அதைக் காதருகே வைத்து ஒருமுறை ஆட்டிப் பார்க்கிறாளே, சத்தம் வராது என்று தெரிந்தும்! முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் இப்படி ஒரு சட்டகம் நான் வரைந்ததில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு கோட்டைக்கூட மாற்றாதே, யார் சொன்னாலும் சரி.

சத்தம் மட்டும் கடையில் வாங்காதே. பச்சை ஓலைக் கிலுகிலுப்பைக்கு அமுங்கின ஒலி, காய்ந்ததற்குக் கணீர் ஒலி. இரண்டையும் முடையச் சொல்லி, காற்று அடங்கின நேரம் பார்த்து நீயே பதிவுசெய். பாம்பன் பக்கம் வேண்டாம், அங்கே காற்று மைக்கைத் தின்றுவிடும். உள்ளே உச்சிப்புளிக்கு வா, இடம் நான் காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்